தோரெஸா, யுவென்டஸா?
இத்தாலிப் பெண்கள் கால்பந்தில் எனக்கு மனசு ஒட்டுவது தோரெஸ் மேல்தான். சார்டினியா தீவின் சாஸ்ஸரி நகர அணி. வெளியூர் ஆட்டம் என்றாலே பெரும்பாலும் கடல் தாண்டித்தான் போக வேண்டும், அப்படிப் போய்த்தான் 7 முறை லீக் பட்டம் வாங்கினார்கள், அதில் 2010 முதல் 2013 வரை தொடர்ந்து 4. கோல் அடிக்க பத்ரீசியா பனிகோ இருந்தார். அப்புறம் பணமில்லாமல் 2015-இல் முதல் டிவிஷன் இடமே போய்விட்டது.

பெரிய ஆண்கள் கிளப்பான யுவென்டஸின் பெண்கள் அணி கதை வேறு. 2017-இல் கூனியோ அணியின் இடத்தை வாங்கி நேராக முதல் டிவிஷனில் இறங்கியது. முதல் சீசன் பட்டமே பிரெஷ்யா அணியுடன் ஆடிய தீர்மான ஆட்டம் பெனால்டி வரை போய்த்தான் கிடைத்தது. 2022 வரை வரிசையாக 5 பட்டங்கள். 2019 மார்ச்சில் ஃபியோரென்டினா ஆட்டத்துக்கு 39,000 பேர் வந்தார்கள், சரி, அது ஆண்கள் கிளப்பின் மைதானமும் பணமும் இருந்ததால் முடிந்தது. தோரெஸுக்கு அந்தத் தாங்கல் இருந்திருந்தால்!