ஃபெட் 'கொலிஷன் லேப்': உந்தத்துக்கு இதை அடிக்க ஆளில்லை, கணத்தாக்குக்கு மட்டும் வேறு துணை வேண்டும்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் மோதல்கள் பகுதியை நடத்துகிறவர்கள், அதைப் படித்துவிட்டு ஒன்றும் பிடிபடாமல் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிற பிள்ளைகள், ரெண்டு பேருக்கும்தான் இந்த விமர்சனம். ஃபெட் தளத்தில் 'கொலிஷன் லேப்' என்று ஒரு சிமுலேஷன் இருக்கிறது. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டாம், பிரவுசரில் திறந்தால் ஓடும். மாலை நேர டியூஷனில் தமிழ்வழி மாணவர்களுக்கு நான் இதை வைத்துத்தான் உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது) நடத்துகிறேன், கரும்பலகையில் படம் போட்டு இரண்டு வகுப்பில் புரிய வைப்பதை இது பாதி வகுப்பில் செய்துவிடுகிறது. ஆனால் அதே பாடத்தில் இருக்கும் கணத்தாக்கை, அதாவது விசையையும் அது செயல்படும் நேரத்தையும் சேர்த்துப் போடும் கணக்கை, இது தொடவே இல்லை. அது பெரிய ஓட்டை, அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஃபெட்டைத் தெரியாதவர்களுக்காக: அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் கார்ல் வீமன் தொடங்கிய திட்டம் இது. 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவர். கொலிஷன் லேபின் பழைய பதிப்பு ஃப்ளாஷில் இருந்தது, 2020 முடிவோடு ஃப்ளாஷ் போய்விட்டதால் புதிதாக எழுதியிருக்கிறார்கள், இப்போது செல்போனிலும் ஓடுகிறது. ஃபைலை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் நடத்தலாம், நெட் எப்போது போகும் என்று தெரியாத இடத்தில் இது பெரிய உதவி.

சரி, உள்ளே வருவோம். முதல் திரையில் ஒரு நேர்கோட்டுப் பாதையும் இரண்டு பந்துகளும் இருக்கும். நிறையையும் திசைவேகத்தையும் நாமே மாற்றலாம். திறந்ததும் வருகிற எண்களை வைத்து நடத்த வேண்டாம், திரையில் இரண்டு தசம இடம்தான் காட்டும் என்பதால் கூட்டிப் பார்க்கும்போது கடைசி இலக்கம் இடிக்கும். அதற்குப் பதிலாக 1 கிலோ பந்தை 2 மீ/வி வேகத்தில் வலப்பக்கம் அனுப்புங்கள், 3 கிலோ பந்தை எதிரே நிற்க வையுங்கள், மீட்சியை, அதாவது மோதியபின் பந்துகள் எவ்வளவு துள்ளிப் பிரிகின்றன என்பதை, 100 சதவீதத்தில் வையுங்கள். மோதியதும் சின்னப் பந்து 1 மீ/வி வேகத்தில் திரும்பி வரும், பெரிய பந்து 1 மீ/வி வேகத்தில் முன்னே போகும். இப்போது உந்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். "மோதுறதுக்கு முன்னாடி 2, அப்புறம் 4 வருது சார், விதி தப்பா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த எண்களையே வைக்கிறேன். அந்தப் பிள்ளை 1ஐயும் 3ஐயும் கூட்டியிருக்கும், திரையில் சின்னப் பந்தின் அம்பு இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். பதில் சொல்லாமல் அந்த அம்பைக் காட்டினால் போதும், கழித்தல் 1, கூட்டல் 3, மொத்தம் 2 என்று தானே சரிசெய்துகொள்ளும்.

இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. 1644இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெகார்ட் மோதலுக்கு விதிகள் எழுதியபோது அளவையும் வேகத்தையும் பெருக்கினார், திசையைச் சேர்க்கவில்லை, அதனால் அவர் விதிகளில் பெரும்பாலானவை நிஜத்தோடு ஒத்துப்போகவில்லை. 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்ட பிறகு வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று அறிஞர்களும் ஆளுக்கொரு விடை அனுப்பினார்கள், திசையோடு எண்ணும் கணக்கு அதற்கப்புறம்தான் நிலைத்தது. டெகார்ட் போன்ற ஒருவரே சறுக்கிய இடம் இது என்று வகுப்பில் ஒரு வரி சொல்லிவிட்டால், தப்பாகக் கூட்டிய பிள்ளையின் முகம் தெளிந்துவிடும்.

அடுத்து மீட்சி ஸ்லைடர். என்னைக் கேட்டால் இந்த சிமுலேஷனின் உயிரே இதில்தான் இருக்கிறது. அதே 1 கிலோ, 3 கிலோ பந்துகள். ஸ்லைடரை சுழியத்துக்கு இழுத்தால் மோதிய பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு 0.5 மீ/வி வேகத்தில் போகும். உந்தம் அதே 2. இயக்க ஆற்றல் மட்டும் 2 ஜூலிலிருந்து 0.5 ஜூலாக இறங்கிவிடும். உந்தம் மாறாது, ஆற்றல் குறையும் என்று புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருப்பதை அப்படியே கண்ணால் பார்க்கலாம். இப்போது ஸ்லைடரை 50இல் வைப்பதற்கு முன்னால் ஆற்றல் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். முழு மீட்சிக்கு 2, மீட்சியே இல்லாவிட்டால் 0.5, அப்படியானால் நடுவில் 1.25 என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஓட்டிப் பார்த்தால் 0.875தான் வரும், திரையில் 0.88 என்று தெரியும். ஏனென்றால் அந்த 50 சதவீதம் ஆற்றலின் பாதி அல்ல, பிரியும் வேகத்துக்கும் நெருங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம், அதாவது நம் பாடத்தில் வரும் மீட்சியளிப்பு குணகம். ஆற்றல் கணக்கில் அது இருமடியாக நுழைகிறது. இழக்கக்கூடிய ஆற்றல் 1.5 ஜூல், அதில் கால்பங்குதான் தப்பிக்கிறது, முக்கால்பங்கு போய்விடுகிறது. நீட் பயிற்சிக் கேள்விகளில் பிள்ளைகள் வழுக்கும் இடம் இது, ஸ்லைடரை நாலைந்து இடத்தில் நிறுத்தி ஒரு வரைபடம் போட வைத்தால் வளைவு தானாக வந்துவிடும்.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. காணாமல்போன அந்த 1.5 ஜூல் எங்கே போனது என்று திரை சொல்வதில்லை. எண் குறைகிறது, அவ்வளவுதான். வெப்பமாகவும் சத்தமாகவும் பொருள் நசுங்குவதிலும் போனது என்று நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு பட்டை வைத்து இவ்வளவு இயக்கம், இவ்வளவு வெப்பம் என்று நிறம் தீட்டியிருக்கலாம். ஆற்றல் அழிந்துவிட்டது என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை வீட்டுக்குப் போனால் அது தப்பான பாடம்.

நிறை மையம் (மொத்த நிறையும் குவிந்திருப்பது போல எண்ணக்கூடிய புள்ளி) என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்ய மறக்காதீர்கள். இரண்டு பந்துக்கும் இடையில் ஒரு பெருக்கல் குறி தோன்றும். பந்துகள் நெருங்கி, முட்டி, சிதறி ஓடும், குறியோ மோதலே நடக்காத மாதிரி 0.5 மீ/வி வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். மீட்சியை எவ்வளவு மாற்றினாலும் அதன் வேகம் மாறாது. ஒட்டிக்கொள்ளும் மோதலில் இரண்டு பந்தும் ஏன் சரியாக 0.5இல் போகின்றன என்பதற்கு விடையும் அங்கேயே இருக்கிறது, அவை நிறை மையத்தோடு சேர்ந்துகொள்கின்றன. புத்தகத்தில் நிறை மையம் அடுத்த அலகில் தனியாக வருவதால் மோதலோடு அதற்கு உறவு இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நான் இந்தத் திரையில்தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறேன்.

இரண்டாவது திரையில் ஓரங்களில் சுவர் வைக்கும் வசதி வருகிறது. பந்து சுவரில் பட்டுத் திரும்பியதும் மொத்த உந்தமே மாறிவிடும், நிறை மையமும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். விதி உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள். புற விசை இல்லாதவரை மட்டும்தான் உந்தம் மாறாது என்று பாடத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, தேர்வில் எழுதும்போது அதை எல்லோரும் எழுதுகிறார்கள், அது எதற்கு என்று இந்தச் சுவரைப் பார்த்த பிறகுதான் புரிகிறது. சுவரை வெளியே வைத்து எண்ணினால் அது புற விசை. பூமியையும் சேர்த்து எண்ணினால் உந்தம் எங்கும் போகவில்லை.

இரு பரிமாணத் திரையில் ஒரே நிறையுள்ள இரண்டு பந்துகளை எடுத்து, ஒன்றை நிறுத்தி, மற்றதைக் கொஞ்சம் விலக்கி அடியுங்கள், பாதையைக் காட்டும் பெட்டியையும் டிக் செய்துகொள்ளுங்கள். முழு மீட்சி என்றால் இரண்டு பாதைக்கும் இடையில் செங்கோணம் இருக்கும், எந்தக் கோணத்தில் பட்டாலும் சரி, நேருக்கு நேர் பட்டால் மட்டும் வந்த பந்து அப்படியே நின்றுவிடும். நம் வீடுகளில் கேரம் போர்டு இருப்பதால் இதை உடனே சரிபார்த்துவிடலாம். காய் ஒன்று இன்னொரு காயில் பக்கவாட்டில் பட்டுப் பிரிவதைப் பாருங்கள், ஏறக்குறைய செங்கோணம்தான். ஸ்ட்ரைக்கர் கதை வேறு. சர்வதேச விதிப்படி காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகாமல் இருக்கும். 15க்கு 5 என்று வைத்து சூத்திரத்தில் போட்டால், நேராக அடித்த ஸ்ட்ரைக்கர் நிற்காமல் பாதி வேகத்தில் தொடர்ந்து போக வேண்டும், காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பறக்க வேண்டும். நேராக அடித்த காய் குழிக்குள் விழுந்த கையோடு ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே போய் விழுவது இதனால்தான். கேரம் ஆடுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் வேறெந்த உதாரணமும் வேண்டாம்.

இனி அந்த ஓட்டை. கணத்தாக்கு என்பது விசையும் அது செயல்படும் நேரமும் சேர்ந்த பெருக்கல், அதுதான் உந்த மாற்றம். கொலிஷன் லேபில் உந்த மாற்றத்துக்கு அம்பு இருக்கிறது, மோதியதும் இரண்டு பந்துக்கும் சம நீளத்தில் எதிரெதிர்த் திசையில் தோன்றும், அது அழகு. ஆனால் மோதல் ஒரு நொடியின் புள்ளியில் முடிந்துவிடுகிறது. மெதுவாக ஓட்டினாலும் பந்து அமுங்குவதில்லை, எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருந்தது என்பது இல்லை, விசை என்ற சொல்லே இல்லை. நம் முதல் உதாரணத்தில் சின்னப் பந்தின் உந்தம் கூட்டல் 2இலிருந்து கழித்தல் 1க்குப் போனது, மாற்றம் 3 அலகு. தொடுதல் 0.01 நொடி நீடித்தால் சராசரி விசை 300 நியூட்டன், 0.1 நொடி நீடித்தால் வெறும் 30 நியூட்டன். இந்த வித்தியாசத்தைக் காட்ட ஒரு விசை-நேர வரைபடம் போதும், அதை ஏன் வைக்காமல் விட்டார்கள் என்று உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பாடத்தில் உயிரைக் காப்பாற்றுகிற பகுதியே அதுதான். 5 கிலோ எடையுள்ள தலை 6 மீ/வி வேகத்தில் ரோட்டில் படுகிறது என்று வையுங்கள். 2 மில்லிசெகண்டில் நின்றால் சராசரி விசை 15,000 நியூட்டன், ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அதை 10 மில்லிசெகண்டாக நீட்டினால் 3,000 நியூட்டன். பைக் ஓட்டத் துடிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் அந்தப் பாடத்தை முடிக்கவே கூடாது.

இதற்கு நான் கூடச் சேர்த்துக்கொள்வது ஃபைஃபாக்ஸ் ஆப். ஜெர்மனியில் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்டது, இதுவும் இலவசம், போனில் இருக்கும் சென்சார்களையே ஆய்வகக் கருவியாக மாற்றிவிடும். முடுக்கமானியை (வேகம் மாறும் வீதத்தை அளக்கும் சென்சாரை) திறந்து, பதிவை ஓடவிட்டு, போனை ஒரு சாண் உயரத்திலிருந்து மெத்தென்ற தலையணையில் விழவிடுங்கள், அப்புறம் அதே உயரத்திலிருந்து நாலாக மடித்த போர்வையில். (கட்டிலுக்கு நடுவில் வைத்துச் செய்யுங்கள், தெறித்தாலும் தரைக்குப் போகாது.) தலையணையில் முகடு அகலமாகத் தாழ்ந்து வரும், போர்வையில் ஒடுங்கி உயரும். விழுந்த வேகம் ஒன்றே என்பதால் இரண்டு முகட்டின் பரப்பும் கிட்டத்தட்ட ஒத்துவரும், போர்வையில் கொஞ்சம் எகிறினால் அந்த அளவுக்குக் கூடும். கல்லிலோ தரையிலோ முயல வேண்டாம், போனுக்கும் கேடு, சென்சார் விநாடிக்குச் சில நூறு முறைதான் அளக்கும் என்பதால் அவ்வளவு குறுகிய முகடு பதிவாகவும் ஆகாது.

அதே ஆப்பில் மோதலுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பந்தைத் தரையில் துள்ளவிட்டால் ஒவ்வொரு 'டக்' சத்தத்துக்கும் இடையில் உள்ள நேரத்தை மைக்கில் கேட்டு, எத்தனை சதவீத ஆற்றல் மிஞ்சியது என்று சொல்லும். ஒரு இடைவெளி 0.60 நொடி, அடுத்தது 0.48 என்றால் குணகம் 0.8, மிஞ்சிய ஆற்றல் 64 சதவீதம். ஸ்லைடரில் பார்த்த அதே இருமடி இங்கே வீட்டு டைல்ஸ் தரையில் வருகிறது. டேபிள் டென்னிஸ் பந்து நன்றாக வேலை செய்யும். ஃபேனை நிறுத்துங்கள், பேச்சையும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதையும் துள்ளல் என்று எண்ணிக்கொள்ளும்.

சின்னச் சின்னக் குறைகள் சிலவும் உண்டு. செல்போனில் கொலிஷன் லேபின் எண் பட்டியல் பொடிப்பொடியாகத் தெரியும், படுக்கைவாட்டில் திருப்பினாலும் விரலால் மாற்றுவது சிரமம், லேப்டாப்போ ஸ்மார்ட் போர்டோ இருந்தால் நல்லது. நிறையைக் கூட்டினால் பந்து பெரிதாகும், அளவை ஒரே மாதிரி வைக்கும் பெட்டியை டிக் செய்தால் பெரிதாகாது, அப்போது கனமான பந்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாமல் மோதிய விதத்தை வைத்தே ஊகிக்க வேண்டியிருக்கும். எண்களை மறைத்துவிட்டு இதை ஒரு போட்டியாக வைத்தால் வகுப்பு களைகட்டும்.

வாங்கலாமா என்ற கேள்விக்கு இடமில்லை, காசே இல்லை. பள்ளி ஆய்வகத்துக்கு உராய்வில்லாத காற்றுத்தடம் (காற்றில் மிதந்தபடி வண்டிகள் ஓடும் பாதை) வாங்க வழியில்லாதவர்கள் தயங்காமல் இதில் இறங்கலாம். ஐந்துக்கு நாலு தருவேன், விசை-நேர வரைபடம் வரும் நாளில் மிச்ச ஒன்றையும் தருகிறேன். முதல் வகுப்பில் ஒரு பரிமாணமும் ஸ்லைடரும், இரண்டாவதில் சுவரும் கேரமும், மூன்றாவதில் தலையணையும் போனும் என்று பிரித்துக்கொள்ளுங்கள், சூத்திரங்களை மூன்றாவது வகுப்பின் முடிவில் எழுதிப்போட்டால் போதும்.