மெசா வெர்டே பயணத் திட்டம்: சேலம் முகவர் ஒருவரின் சேவை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள மெசா வெர்டே தேசியப் பூங்காவுக்கு வசந்த காலப் பயணம் ஒன்றைத் திட்டமிட்டுத் தரும்படி சேலத்தில் ஒரு பயண முகவரிடம் கேட்டிருந்தோம். விமானச் சீட்டிலும் வாடகைக் காரிலும் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால், அமெரிக்கப் பூர்வகுடிகளான பியூப்லோ மக்களின் முன்னோர் செங்குத்துப் பாறையின் குடைவில் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய, சுமார் 150 அறைகள் கொண்ட கிளிஃப் பேலஸுக்குள் ரேஞ்சர் (பூங்கா அலுவலர்) அழைத்துச் செல்லும் குழுவுடன் மட்டுமே நுழைய முடியும் என்பதையும், அந்தச் சுற்றுகள் வழக்கமாக மே மாதத்தில்தான் தொடங்கும் என்பதையும் விசாரிக்காமலே அவர் ஏப்ரல் தொடக்கத்தைக் குறித்திருந்தார். பாறை சரியும் அபாயத்தால் 2015 முதல் மூடப்பட்டிருக்கும் ஸ்ப்ரூஸ் ட்ரீ ஹவுஸ் என்ற இன்னொரு பாறைக் குடியிருப்பும் பட்டியலில் இருந்தது!

சுட்டிக்காட்டியதும், கூடுதல் கட்டணமின்றித் தேதிகளை மே இறுதிக்கு மாற்றித் தந்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். குளிருடை பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். மெசா வெர்டே பீடபூமியோ 2,100 மீட்டருக்கும் மேல். சுற்றுச் சீட்டுகள் 14 நாள்களுக்கு முன், அங்கே காலை 8 மணிக்கு, அதாவது நமக்கு இரவு 7.30க்கு, இணையத்தில் வெளியாகும். அதை நீங்களே எடுத்துக்கொள்வது நல்லது.