இம்யூனோதெரபி போயிட்டிருக்கறப்ப வயித்து வலி வந்தா கேஸ்னு சொன்னா நம்பாதீங்க, லைபேஸ் (கணையத்துக்கான ரத்த டெஸ்ட்) பாக்க சொல்லுங்க

வீட்டுல யாருக்காவது கேன்சருக்கு இம்யூனோதெரபி ஆரம்பிக்கப்போறாங்கன்னா இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ஆஸ்பத்திரி பேரு போடல, புகார் இன்னும் முடியல, தென் மாவட்டத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரின்னு வெச்சுக்கங்க.

அப்பாவுக்கு கிட்னி கேன்சர், நுரையீரல் வரைக்கும் பரவியிருந்துச்சு. இபிலிமுமாப், நிவோலுமாப் ரெண்டையும் சேத்து மூணு வாரத்துக்கு ஒருக்கா நாலு டோஸ், அப்புறம் நிவோலுமாப் மட்டும் தொடர்ந்து. இந்த பிளான்ல தப்பே இல்ல, பரவின கிட்னி கேன்சருக்கு எல்லா ஊர்லயும் குடுக்கறதுதான். ஆனா பணம் கட்ட வெக்கறதுக்குன்னே ஒரு கவுன்சிலர் உக்காந்திருப்பாங்கல்ல, அவங்க "சார் இது கீமோ கிடையாது, முடி கொட்டாது, உங்க அப்பாவோட சொந்த எதிர்ப்பு சக்தியே வேலை செய்யப்போகுது, சைடு எஃபெக்ட்டுன்னு ஒண்ணும் இருக்காது"ன்னு சொன்னாங்க பாருங்க, எல்லா வினையும் அங்கதான் ஆரம்பிச்சுது. கையெழுத்து வாங்கின ஃபாரம் பக்கம் பக்கமா இங்கிலீஷ். அதுக்குள்ள எங்கயோ பேன்கிரியாடைட்டிஸ்னு, அதாவது கணைய வீக்கம்னு இருந்துச்சு, வாயை திறந்து ஒருத்தரும் சொல்லல.

எதிர்ப்பு சக்திக்கான டி செல்னு இருக்கற அணுக்கள் நம்ம உடம்பையே தாக்காம இருக்க பிரேக் மாதிரி பிடி1, சிடிஎல்ஏ4னு ரெண்டு புரதம் இருக்கு, இந்த மருந்துங்க அந்த பிரேக்கை எடுத்து விடுது. இந்த வழியை காட்டினதுக்குதான் 2018ல ஆலிசன், ஹோன்ஜோன்னு ரெண்டு விஞ்ஞானிங்களுக்கு நோபல் குடுத்தாங்க. சரி, பிரேக் போனப்புறம் அது கேன்சர் மேல மட்டும்தான் பாயும்னு யாரு கேரண்டி குடுத்தா? குடல், லிவர், தைராய்டு, நுரையீரல்னு எங்க வேணா பாயலாம். கணையத்துல வர்றது அரிதுதான், ஆனா ரெண்டு மருந்தும் சேந்தா வாய்ப்பு கூடுது, மருந்தை நிறுத்தி மாசக்கணக்கு ஆனப்புறம்கூட வரலாம்.

அப்பாவுக்கு நிவோலுமாப் மட்டும் போயிட்டிருந்தப்ப வந்துச்சு. மேல் வயித்துல பிடிச்சு அப்படியே முதுகுக்கு போகும், சாப்பிட்டா கூடும், மல்லாந்து படுக்க முடியாது, முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் தேவலாம். எம்பிபிஎஸ் படிக்கற பசங்களுக்கு கணைய வலின்னு சொல்லித் தர்றதே இதைத்தான். எமர்ஜென்சில டூட்டி டாக்டர் ஈசிஜி பாத்து ஹார்ட் இல்லன்னாரு, அல்ட்ராசவுண்ட் எடுத்தாங்க, ரிப்போர்ட்ல குடல்ல இருக்க வாயு மறைக்கறதால கணையம் சரியா தெரியலன்னு போட்டிருந்துச்சு. அதை படிச்சுட்டு அந்த மனுஷன் "பாத்தீங்களா, கேஸ்தான்"ங்கறாரு! யோவ், கணையம் தெரியலன்னுல்ல எழுதிருக்கு. இம்யூனோதெரபி போகுது சார்னு சொன்னேன், அதுல இதெல்லாம் வராது, காரத்தை குறைங்கன்னு கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிட்டாரு.

அடுத்த டோஸுக்கு போனப்பவும் வலியை சொன்னோம். லிவர், கிரியேட்டினின், தைராய்டு எல்லாம் நார்மல்னு டோஸை ஏத்தி விட்டாங்க, லைபேஸ் மட்டும் பாக்கல. வலியே இல்லாதவங்களுக்கு சும்மா சும்மா லைபேஸ் பாக்க வேண்டியதில்ல, இந்த மருந்துல அது வலி இல்லாமலே கொஞ்சம் ஏறும், அதுக்காக எதிர்ப்பு சக்தியை அடக்கற ஸ்டீராய்டும் குடுக்க மாட்டாங்க, அது நியாயம். ஆனா வலிக்குதுன்னு துடிக்கற ஆளுக்கு பாக்க என்ன கேடு? ஊசிக்கு லட்சக்கணக்குல வாங்கறீங்க, இந்த டெஸ்ட் காசெல்லாம் ஒரு காசா?

அப்புறம் ஒரு ராத்திரி வாந்தி நிக்கவே இல்ல, அட்மிட் பண்ணோம். அப்பதான் லைபேஸ் பாத்தாங்க, நார்மலை விட மூணு மடங்கு தாண்டினாலே சந்தேகப்படணும், இது அதுக்கும் எங்கயோ மேல இருந்துச்சு, சிடில கணையம் வீங்கியிருக்கு. உடனே "குடிப்பாரா?" வர்ற டாக்டர் போற டாக்டர் எல்லாரும் அதையே கேக்கறாங்க. எங்கப்பா கல்யாண வீட்டுல சோடா குடிக்கவே யோசிக்கற ஆளு. கணையத்தை வீங்க வெக்கற மத்த காரணமும் இல்ல, பித்தப்பைல கல் இல்ல, ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு, கால்சியம் எல்லாம் சரியா இருக்கு, அப்பவும் மருந்து மேல சந்தேகம் வரல, கேஸ் ஷீட்ல மதுவா இருக்கலாம்னு ஒரு கேள்விக்குறி போட்டு எழுதிட்டாங்க.

சென்னைக்கு கூட்டிட்டு போனப்ப அங்க இருந்த டாக்டரம்மா முதல்ல கேட்டதே என்னென்ன மருந்து போகுதுன்னுதான். நிவோலுமாப்பை நிறுத்தி, டிரிப்ஸ் ஏத்தி, எடைக்கு ஏத்த மாதிரி ஸ்டீராய்டு ஆரம்பிச்சு, வாரக்கணக்குல மெதுவா குறைச்சாங்க (திடீர்னு நிறுத்தினா திரும்ப வரலாம்). வலி போயிடுச்சு. ஆனா கணையம் அடி வாங்கிடுச்சு, சாப்பிடறப்ப செரிமானத்துக்கான என்சைம் கேப்ஸ்யூல் போடலன்னா மலம் எண்ணெய் எண்ணெயா போகுது, சுகருக்கு இன்சுலின் வேற. நுரையீரல்ல இருந்த கட்டிங்க மருந்தை நிறுத்தியும் இதுவரைக்கும் வளரல, அந்த அளவுக்கு மருந்து நல்ல மருந்துதான்.

அந்த கேள்விக்குறியை காட்டி இன்சூரன்ஸ்காரன் முதல் அட்மிஷன் கிளைமை தள்ளிட்டான். திருத்தி ஒரு லெட்டர் குடுங்கன்னு ஆஸ்பத்திரில கேட்டா இன்னைக்கு வா நாளைக்கு வான்னு அலைய விடறாங்க. அதனால அட்மிட் ஆனா கேஸ் ஷீட்ல என்ன எழுதறாங்கன்னு அன்னன்னைக்கே கேளுங்க, இம்யூனோதெரபி பேஷன்ட்னு முதல் பக்கத்துல எழுத சொல்லுங்க. கேஸ் ஷீட் நகலை எழுத்துல கேட்டா 72 மணி நேரத்துல தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதில இருக்கு, அந்த விதியை லெட்டர்ல குறிப்பிட்டு கேட்டதும்தான் எங்களுக்கு கிடைச்சுது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதல்ல புகார் எழுதுங்க, ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். நாங்க சென்னை டாக்டரம்மா குடுத்த லெட்டரை வெச்சு போட்டிருக்கோம், ஹியரிங் தேதி வரணும்.