'இன்னைக்கு மட்டும்தான்க்கா' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் கொண்டோவின் ஏழாவது மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. இரண்டு ட்ரெட்மில். அதில் ஒன்று நாங்கள் குடிவந்த நாள் முதல் 'ரோசாக்' (பழுது) என்று ஒட்டிய தாளோடு நிற்கிறது. மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு போகிறது. நான் ஏமாந்த கதையை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

போன வருடம் பொங்கல் முடிந்து கிளினிக்குக்குப் போனபோது, சர்க்கரை கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றார்கள். வீட்டுக்காரர் உடனே கணக்குப் போட்டார். எடை மாற்றும் டம்பெல்ஸ் ஒரு ஜோடி, ரப்பர் விரிப்பு, மடக்கு பெஞ்சு எல்லாம் சேர்த்து 900 வெள்ளி (ரிங்கிட்). நடப்பதற்குத் தித்திவங்சா ஏரி இருக்கிறது, காசா பணமா? எனக்குத்தான் மனசு வரவில்லை. வீட்டில் டம்பெல்ஸைக் கையில் எடுத்தால் குக்கர் விசில் அடிக்கும், பிள்ளை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். காசு கட்டினால்தான் ஒழுங்காகப் போவேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பேரங்காடி ஜிம். பெயர் வேண்டாம். விலை மட்டும் கேட்கலாம் என்று நுழைந்தேன். நம்ம தமிழ்ப் பையன்தான் வந்தான். "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று, காலையில் கேட்பதைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டான். சிரிப்பு வந்தது, மனசும் இளகிவிட்டது. மாதம் 168 வெள்ளி, இரண்டு வருட ஒப்பந்தம். "இந்த விலை இன்னைக்கு மட்டும்தான்க்கா, நாளைக்கு சிஸ்டம் ஏத்திடும்." ஒப்பந்தத்தை டேப்லெட்டில் காட்டினான். அவனே விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுபோனான். கையெழுத்து, கிரெடிட் கார்டு, முடிந்தது.

மறுநாள் 'இலவசப் பரிசோதனை'. கொழுப்பை அளக்கும் இயந்திரத்தின் மேல் ஏற்றினார்கள். அந்த இயந்திரம் உடம்புக்குள் சிறு மின்சாரத்தை அனுப்பி, அதற்கு உடம்பு காட்டும் தடையை வைத்துக் கணக்கிடுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஒரு எண், குடிக்காவிட்டால் வேறு எண். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு அந்தத் தாளில் சிவப்பு வட்டம் போட்டு, "இப்படியே விட்டா கஷ்டம்க்கா" என்றபோது அழுகை வராத குறை. தனிப் பயிற்சியாளர், 24 வகுப்பு, வகுப்புக்கு 120 வெள்ளி. 2,880 வெள்ளியையும் ஒரே இழுப்பில் இழுத்தார்கள்.

ஐந்து வகுப்பு நடந்தது. பயிற்சியாளர் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். ஆறாவது வகுப்புக்குப் போனால் அவள் வேலையை விட்டுவிட்டாள். புதிதாக வந்தவருக்குப் பிற்பகல் இரண்டு மணிதான் காலியாம். நான் ஆபீஸில் இருக்கும் நேரம். கேட்டுக் கேட்டு அலைந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் கவுண்டரில் இருந்தவர், "உங்கள் வகுப்புகள் காலாவதியாகிவிட்டன" என்றார். 19 வகுப்பு, 2,280 வெள்ளி. மூன்று மாதக் கெடு அந்த டேப்லெட்டில் எங்கோ இருந்திருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள் என்றேன். வாட்ஸ்அப்பில் சொன்னது செல்லாது, நேரில் வந்து படிவம் நிரப்ப வேண்டும். நேரில் போனால் மேனேஜர் இல்லை. மேனேஜர் இருந்த நாளில், மீதி மாதங்களுக்கான பணத்தில் பாதியைக் கட்டு என்றார். நடுவில் 168 வெள்ளி மட்டும் ஒரு மாதம் தவறாமல் கார்டில் போய்க்கொண்டே இருந்தது.

ஆபீஸில் ஒரு அண்ணன்தான் திரிபுனலைப் பற்றிச் சொன்னார். மலேசியப் பயனீட்டாளர் திரிபுனல், அதாவது வாங்குபவர்களின் புகாரை விசாரிக்கும் தீர்ப்பாயம். மனு கட்டணம் 5 வெள்ளி, ஒரு தே தாரேக்கும் ரொட்டி சானாயும் சாப்பிடும் காசு. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கூடாது. அவர்களும் வக்கீலை முன்னால் நிறுத்திவிட முடியாது என்பது எனக்கு மெத்தப் பிடித்தது.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், ஜிம், டியூஷன் போல் இனிமேல் தரப்போகும் சேவைக்கு முன்கூட்டிப் போடும் ஒப்பந்தங்களுக்குத் தனி விதி இருக்கிறது. நாம் ரத்து செய்தால், நாம் அதுவரை பெற்ற சேவைக்கான பணத்தையும், மொத்த விலையில் 5 விழுக்காட்டையும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். அதை வைத்து எனக்கு நானே கணக்குப் போட்டேன். ஐந்து வகுப்புக்கு 600, 5 விழுக்காடு 144. வர வேண்டியது 2,136. ரசீது, கார்டு கணக்குத் தாள், 'இரண்டு மணிதான் காலி' என்று அவர்களே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எல்லாவற்றையும் அச்செடுத்து மனுவோடு வைத்தேன்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அதுவரை எளிதில் கண்ணில் படாத அந்த மேனேஜரே போன் செய்தார். 2,000 வெள்ளி தருகிறோம், உறுப்பினர் ஒப்பந்தத்தையும் ரத்து செய்கிறோம் என்றார். 136 வெள்ளிக்காக ஒருநாள் லீவு போட வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் வாய்வார்த்தையில் விடவில்லை. ஒப்பந்தம் ரத்தானதாகக் கடிதமும், பணம் வங்கியில் விழுந்ததும் பார்த்த பிறகுதான் மனுவை மீட்டுக்கொண்டேன். கட்டிய மாதச் சந்தா போனது போனதுதான்.

இப்போது டம்பெல்ஸ் ஹாலில் டிவிக்குக் கீழே இருக்கின்றன. அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. முதல் வாரம் விரிப்பு வருவதற்கு முன்பே நான் தொடங்கியதில், சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுச் சீன அன்ட்டி மேலேறி வந்துவிட்டார். பால்கனியில் வைத்த எடைத்தட்டுகள் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்தன. ட்ரெட்மில்லும் வாங்கலாமே என்று கடைக்குப் போனால், பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் குதிரைசக்தி, மோட்டார் ஒரு நொடி எட்டும் உச்சமாம். விடாமல் ஓடும்போது எவ்வளவு என்று கேட்டேன், விற்பவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாங்காமல் வந்துவிட்டேன். ஏழாவது மாடியில் ஓடுகிற அந்த ஒன்று போதும், காலை ஆறரைக்கு முன் போனால் காலியாகவே இருக்கிறது.