வேலை போனபின் இ.எஸ்.ஐ. தரும் நிவாரணம்: சேலத்திலிருந்து ஒரு மதிப்பீடு

சேலத்தில் நூற்பாலையிலோ, இரும்புப் பட்டறையிலோ, பெரிய துணிக்கடையிலோ வேலை பார்ப்பவர்களிடம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று சொன்னால் மருந்துச் சீட்டும் மருத்துவமனை வரிசையும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். வேலை பறிபோனால் அதே அட்டையைக் காட்டிப் பணமும் கேட்கலாம் என்பது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற, நம் வாயில் எளிதில் நுழையாத திட்டப் பெயரும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தனியார் ஆலை ஒன்றின் சம்பளப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பிறகு தெரிந்தவர்களுக்கு இந்த மனுவை நிரப்பிக் கொடுத்து வருபவன் என்ற முறையிலும் இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் உண்மையிலேயே வருகிறது. ஆனால் அது வருமா வராதா என்பது, மனுப்போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதலாளி கணினியில் என்ன ஏற்றினார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

திட்டம் 2018 ஜூலை 1 அன்று சோதனை முறையில் தொடங்கியது. அப்போது சராசரி நாள் வருமானத்தில் 25 விழுக்காடுதான் கிடைக்கும். அதற்கும் வேலையிழந்து 90 நாள் காத்திருக்கவேண்டும். கொரோனா ஊரடங்கு வந்த 2020இல் இதை 50 விழுக்காடாக உயர்த்தி, காத்திருப்பை 30 நாளாகக் குறைத்தார்கள். பழைய முதலாளியின் வழியாகத்தான் மனு வரவேண்டும் என்ற விதியையும் நீக்கித் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்க வழிசெய்தார்கள். அந்த மாற்றங்கள் இல்லாதிருந்தால் இந்த மதிப்பீட்டை எழுதவே தேவை இருந்திருக்காது. அன்றுமுதல் திட்டத்தைத் தவணை தவணையாக நீட்டித்து வருகிறார்களே தவிர, சட்டத்தில் நிலையான உரிமையாக எழுதவில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் திட்டம் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்திலோ இணையதளத்திலோ ஒருமுறை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

தொகையைக் கணக்கிடும் முறையைப் புரிந்துகொண்டால் ஏமாற்றம் பாதியாகக் குறையும். இ.எஸ்.ஐ. ஆண்டை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிக்கிறது. வேலை போவதற்கு முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் பெற்ற மொத்த ஊதியத்தை 730ஆல் வகுத்து, அதில் பாதியை நாள் ஒன்றுக்கு, அதிகபட்சம் 90 நாளுக்குத் தருகிறார்கள். மாதம் 14,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டும் இடைவிடாமல் வாங்கியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 230 ரூபாய், மொத்தத்தில் 20,700 ரூபாய் அளவுக்குக் கிடைக்கும். அந்த இரண்டு ஆண்டுகளில் 0.75 விழுக்காடு வீதம் அவர் கையிலிருந்து போனது 2,520 ரூபாய்தான் (முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அது தனி) என்று பார்த்தால் இது நல்ல பலன் என்றே சொல்லவேண்டும். இ.எஸ்.ஐ.க்குள் இருப்பதற்கான 21,000 ரூபாய் உச்சவரம்பில் சம்பளம் வாங்கியவருக்குக்கூட ஏறத்தாழ 31,000 ரூபாயோடு கணக்கு முடிந்துவிடும்.

ஆனால் அந்த 730 என்ற எண் விட்டு விட்டு வேலை கிடைப்பவர்களை நசுக்குகிறது. தகுதிக்கு இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையும், கடைசிப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தாவும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் சந்தாவும் போதும். கிழங்கு வரத்து குறைந்தால் சவ்வரிசி ஆலை ஓடாது. அப்படிப்பட்ட ஆலையில் நாளுக்கு 500 ரூபாய் வீதம் அந்தக் குறைந்தபட்ச 156 நாள் மட்டுமே வேலை பார்த்தவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தகுதி பெற்றுவிடுவார். ஆனால் 78,000 ரூபாயை 730ஆல் வகுத்துப் பாதியாக்கினால் நாளுக்கு 53 ரூபாய்தான் நிற்கும். 90 நாளுக்கும் சேர்த்து ஐயாயிரம்கூட வராது. வேலை செய்த நாளை மட்டும் வைத்து வகுத்திருக்கலாமே என்ற கேள்விக்கு விதியில் விடை இல்லை. இது வாழ்நாளில் ஒரே ஒருமுறை எடுக்கக்கூடிய நிவாரணம் என்பதால், இப்படிக் குறைந்த சராசரி உள்ள வேளையில் அதைச் செலவழிப்பதா, பிறகு நல்ல சராசரி சேரும்வரை விட்டுவைப்பதா என்று யோசித்தே விண்ணப்பிக்கவேண்டும்.

ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர், வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர் ஆகியோருக்கு இந்த நிவாரணம் இல்லை. சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய், அதன்பின் ஓராண்டு கழித்து வேலையிழந்தவரும் பெறமுடியாது. பத்து ஆண்டு சந்தா கட்டியிருந்தாலும் கடைசிப் பங்களிப்புக் காலம் காலியாக இருந்தால் காலிதான்.

இனி, பெரும்பாலான தாமதங்கள் பிறக்கும் இடத்துக்கு வருகிறேன். முதலாளி ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் ஏற்றவேண்டும். ஒருவர் வேலையில் இல்லையென்றால் அவர் பெயருக்கு நேரே வேலைநாள் பூஜ்யம் என்று போட்டு, ஏன் பூஜ்யம் என்பதற்கு ஒரு காரணத்தையும் தேர்ந்தெடுக்கவேண்டும். விடுப்பில் இருக்கிறார், வேலையை விட்டுவிட்டார், ஆட்குறைப்பு, வேலை இல்லை என்றெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சம்பளப் பிரிவில் இருப்பவர் அவசரத்தில் எதையாவது தட்டிவிட்டுப் போவார்; அந்த ஒற்றைத் தட்டல்தான் பின்னால் ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சோற்றைத் தீர்மானிக்கிறது. சேலத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் ஷிப்டைக் குறைத்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண் ஒருவருக்கு நான் மனு நிரப்பினேன். ஆலை அவரை மாதக்கணக்கில் 'விடுப்பு' என்றே காட்டிக்கொண்டிருந்தது. கேட்டபோது, "ஆர்டர் வந்தா கூப்புடறோங்க்கா, அதுவரைக்கும் லீவுன்னே இருக்கட்டும்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் பதிவின்படி அவர் இன்னும் வேலையில் இருப்பவர். வேலையில் இருப்பவருக்கு எப்படி நிவாரணம் தருவது? கடைசி வேலைநாளைக் குறிப்பிட்டுப் பதிவைத் திருத்தும்படி ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே ஆலை அதைச் சரிசெய்தது. திருத்தம் ஏறியபின் பணம் வர அதிக நாளாகவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே காப்பீட்டு எண்தான் இருக்கவேண்டும். நடைமுறையில் காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய எண்ணைக் கேட்காமல் புதிய எண் எடுத்துவிடுகிறார்கள். அதே ஆலை, அதே மெஷின், அதே ஆள்; ஆனால் பதிவில் ஓராண்டுக்கு ஒருவரும் அடுத்த ஆண்டுக்கு வேறொருவருமாக இரண்டு பேர். இரண்டு ஆண்டு வேலை என்ற தகுதி அங்கேயே உடைந்துபோகிறது. இரண்டு எண்ணையும் இணைக்கும்படி கிளை அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம். ஆனால் அதை வேலை இருக்கும்போதே செய்துவிடவேண்டும், வேலை போனபின் அதற்காக அலைவது பட்டினியோடு அலைவதாகிவிடும். காப்பீட்டு எண்ணை வைத்து இணையதளத்தில் நுழைந்தால் எந்த மாதத்துக்கு எத்தனை நாள் சந்தா ஏறியிருக்கிறது என்று தொழிலாளியே பார்க்கலாம். இந்தச் சேவையில் நான் முழு மதிப்பெண் கொடுக்கும் ஒரே பகுதி இதுதான்.

அடுத்த தடை பெயர். அட்டையில் இனிஷியல் முன்னால், ஆதாரில் தந்தை பெயர் பின்னால், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரோடு என்று மூன்று விதமாக ஒரே பெண் இருப்பது நம் ஊரில் சாதாரணம். கணினிக்கு அது சாதாரணம் இல்லை. வங்கி இணைப்புகளும் தங்கள் பங்குக்குக் குழப்பியிருக்கின்றன. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ். வங்கியோடும் இணைந்தபின் பழைய கிளைக் குறியீடுகள் செல்லாமல் போயின. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண்ணை எழுதிக் கொடுத்தால் மனு ஏற்கப்பட்டும் பணம் திரும்பிப் போய்விடும். ஆதார் நகலோடு வங்கியில் புதிதாக அச்சடித்த பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் இணைப்பதே பாதுகாப்பு. 2020 நவம்பருக்குப் பின் உறுதிமொழிப் பத்திரம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே முத்திரைத்தாள் வாங்கி நோட்டரியிடம் கையெழுத்துப் பெறவேண்டும் என்று எந்த பிரவுசிங் சென்டரிலாவது பணம் கேட்டால் கொடுக்கவேண்டியதில்லை.

வேலையிழந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப்போடவேண்டும். வரப்போகும் நாளுக்கு முன்கூட்டியே கேட்கமுடியாது, கடந்துபோன நாளுக்குத்தான் கேட்கலாம். நிவாரணம் பெறும் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவ வசதியும் தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத மருந்து வாங்குபவருக்குப் பணத்தைவிட இதுவே பெரிது. மனுவை 15 நாளில் தீர்க்கவேண்டும் என்பது 2020இல் அறிவித்த இலக்கு. அதைத் தாண்டினால் வாய்மொழியாக விசாரித்துக்கொண்டிருக்காமல், மனு எண்ணைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுதவேண்டும். அடுத்து சேலத்திலேயே உள்ள துணை மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். அதற்குமேல் மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளம் இருக்கிறது: 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதலின்படி அங்கே பதிவான குறையை 21 நாளில் தீர்க்கவேண்டும், பதில் திருப்தி இல்லையென்றால் மேல்முறையீடும் உண்டு. மனுவை எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்று தெரியாதபோது, 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுவிட்டுப் பிறகு மேல்முறையீடு எழுதுவது என் வழக்கம். காரணம் தெரியாமல் எழுதும் மேல்முறையீடு கெஞ்சல் கடிதமாகவே முடிகிறது.

ஆலை நிரந்தரமாக மூடப்பட்டோ, சட்டப்படியான ஆட்குறைப்பிலோ வேலை போயிருந்தால் இந்தத் திட்டத்தைத் தொடுவதற்கு முன், 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கும் 'ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா'வைக் கேட்டுப் பார்க்கவேண்டும். அதில் முதல் 12 மாதத்துக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதத்துக்கு 25 விழுக்காடு கிடைக்கும். 90 நாளும் 24 மாதமும் ஒன்றா? ஆனால் மூடல் அல்லது ஆட்குறைப்பு என்பதற்கு ஆவணம் வேண்டும். நம் பக்கத்தில் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லியே அனுப்புவதால் இந்தக் கதவு பலருக்குத் திறப்பதில்லை. வேலையை விட்டு அனுப்பும்போது ஒரு வரியாவது எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

இவை அனைத்தும் இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர்களுக்கு. செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குப் பொடி வைக்கும் தொழிலாளிக்கு, பத்துப் பேர் இல்லாத பட்டறை என்பதால், இந்தப் பேச்சே பொருந்தாது. ஏற்காட்டின் காபித் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்களும் பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறார்கள். காபி தயாரிப்பு மட்டுமே செய்யும் ஆலையை 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்று பெயர் சொல்லியே ஒதுக்கிவைத்தது. வேலை நிலையில்லாதவர்களுக்கான காப்பீட்டில் வேலை மிகவும் நிலையில்லாதவர்களே விடுபட்டிருப்பதை நான் இந்த அமைப்பின் மிகப்பெரிய குறையாகக் கருதுகிறேன்.

அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வழியே மாநில அரசு தரும் உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகளுக்குக் கிடைக்கும். பதிவு செய்து ஐந்து ஆண்டு ஆகியிருக்கவேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, வயது 40க்குள் (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45க்குள்) இருக்கவேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுப் பதிவே போதும், தொகையும் 600 முதல் 1,000 ரூபாய் வரை, பத்து ஆண்டுகளுக்கு உண்டு. அந்தப் பிரிவை மட்டும் தயங்காமல் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு காத்திருந்து மாதம் 300 ரூபாய் என்பது, ஏற்காட்டிலிருந்து கோரிமேட்டுக்குச் சில முறை வந்துபோகும் பேருந்துச் செலவுக்கே சரியாகப் போய்விடும். ஆனாலும் வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்து வையுங்கள். புதுப்பிக்காமல் பதிவு காலாவதியானால் அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.