550 சிசி என்று காசு வாங்கினான், கண்ணாடிக் குழாயில் 330 கூட ஊற்றவில்லை

டர்போ கார் வைத்துக்கொண்டு, அதை இன்னும் கொஞ்சம் பறக்க வைக்கலாம் என்று கையில் காசோடு டியூனிங் கடை தேடுகிறவர்கள் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், விவகாரம் இன்னும் முடியவில்லை. நமக்குப் பக்கத்துக் கடையும் இல்லை, பாளையங்கோட்டையில் இருந்து காரை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன், அவ்வளவு நம்பிக்கை.

என் கார் ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர், கம்பெனியில் இருந்து வரும்போது 114 குதிரைத்திறன். எனக்கு 190 வேண்டும் என்று ஆசை. எதற்கு என்று என் மாமா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சரி, அதை விடுங்கள்.

கடைக்காரன் பேச்சில் கெட்டிக்காரன். இன்ஜெக்டர் (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் சாமான்) வந்த அட்டைப்பெட்டி மூடியைத் திருப்பிப் போட்டு, அதிலேயே கணக்குப் போட்டுக் காட்டினான். டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும், 190க்கு 114 பவுண்டு. நாலு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 28.5. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்க முடியாது, நிமிடத்துக்கு 6500 சுற்றில் ஒரு சிலிண்டருக்கு ஒரு சுழற்சிக்கு மொத்தம் கிடைப்பதே 18.5 மில்லி விநாடிதான், அதில் 80 சதவீதத்துக்குள் வேலையை முடித்துவிட வேண்டும், ஆகவே 35.6 பவுண்டு. பவுண்டை 10.5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 374 சிசி, அதாவது 374 மில்லி. "ஆனா நான் உங்களுக்கு 550 போடுறேன் சார், ஏன்னு கேளுங்க" என்றான். கேட்டேன்.

550 என்று பெட்டியில் போட்டிருப்பது 3 பார் அழுத்தத்தில் அளந்தது. என் காரில் பெட்ரோல் லைன் 3.5 பாரில் நிலையாக நிற்கும், டேங்குக்குத் திரும்பி வரும் குழாய் கிடையாது, பூஸ்ட் (டர்போ அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற லைன் பிரஷரும் சேர்ந்து ஏறும் ஏற்பாடு இல்லை. 1.2 பார் பூஸ்ட் வந்தால் இன்ஜெக்டர் மூக்குக்கு எதிரே காற்று அவ்வளவு அழுத்தத்தோடு நிற்கிறது, அதை மீறிப் பீய்ச்ச மிச்சம் இருப்பது 2.3 பார்தான். அழுத்தம் குறைந்தால் ஓட்டமும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் இல்லை, வர்க்கமூலக் கணக்கில் குறையும். 550 சுமார் 480 ஆகும். இப்போது பெட்ரோல் பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும், அப்போதும் 404 போதும். 480 இருக்கிறது. ஜம்மென்று போகும்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நானே மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு எண் கூடத் தப்பில்லை. டேங்கில் இருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பையும் பார்த்தேன்: 114 பவுண்டு என்றால் 52 கிலோ, மணிக்கு 70 லிட்டர், எத்தனாலுக்குக் கூட்டினால் 75. அவன் போடுவதாகச் சொன்னது மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப். லைன் பிரஷர் கூடினால் அந்த 255ம் குறையும், வோல்ட்டேஜ் இறங்கினால் இன்னும் குறையும், இருந்தாலும் 75 எங்கே, அது எங்கே. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். மொத்தம் 1 லட்சத்து 30 ஆயிரம், இன்ஜெக்டருக்கு மட்டும் 38 ஆயிரம், பம்புக்கு 16 ஆயிரம்.

நான் சரிபார்த்தது அவன் எழுதிய கணக்கை. அவன் மாட்டிய சாமானை இல்லை. இப்போது யோசித்தால், அந்த அட்டை மூடிக் கணக்கே அதற்குத்தான் என்று தோன்றுகிறது. கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியாத ஆளிடம் போய் டேங்கைத் திறந்து காட்டு என்று யார் கேட்பார்கள்?

மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலுக்குப் போகும்போது, நாங்குநேரி தாண்டி நாலு வழிச்சாலை காலியாகக் கிடக்கிறது, பணகுடிப் பக்கம் எதிர்காற்று வேறு, ஐந்தாவது கியரில் முழுசாக அழுத்தினேன். சீடை டப்பாவைக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். இரண்டு விநாடி இருக்கும். காலை எடுப்பதற்குள் கார் ஒரு பக்கமாக நொண்ட ஆரம்பித்துவிட்டது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை.

கட்டி இழுத்து வந்து வண்ணார்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணாச்சியின் பட்டறையில் விட்டேன். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அமுக்குகிறது என்று பார்த்தார். மூன்று சிலிண்டர் 160ஐ ஒட்டி வந்தது, மூன்றாம் நம்பர் 70. அதன் ப்ளக்கை வெளிச்சத்தில் காட்டினார், வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக மினுங்கியது. "பிஸ்டன்தான் தம்பி, அலுமினியம் உருகித் தெறிச்சிருக்கு. பெட்ரோல் பத்தாம ஓடியிருக்கு" என்றார். எனக்குக் கோபம். 550 சிசி போட்டிருக்கு அண்ணாச்சி, எப்படிப் பத்தாமல் போகும் என்று நின்றேன். அவர் பதில் சொல்லவில்லை, நாலு இன்ஜெக்டரையும் கழற்றிக்கொண்டு போய் டெஸ்ட் மெஷினில் மாட்டினார்.

நாலு கண்ணாடிக் குழாய், மேலே நாலு இன்ஜெக்டர். 3 பாரில் 15 விநாடி முழுத் திறப்பு. 550 என்றால் ஒவ்வொரு குழாயிலும் 137 மில்லி நிற்க வேண்டும். முதல் குழாயில் 102, இரண்டாவதில் 99, நாலாவதில் 101. மூன்றாவதில் 82. நாலால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 400ஐ ஒட்டி மூன்று, 328 ஒன்று. மூன்றாவது பீய்ச்சிய விதமே சரியில்லை, மற்றவை புகை மாதிரி விரிகிறது, இது ஒரு பக்கமாகக் குழாய்த் தண்ணீர் போல் ஒழுகுகிறது. போஷ் என்று அதில் அச்சடித்திருந்ததைத் தின்னர் நனைத்த துணியால் ஒரு தேய் தேய்த்தார், எழுத்து துணிக்கு வந்துவிட்டது. "செட்டுன்னு சொல்லிக் குடுத்தானா? நாலும் நாலு ஊரு மாப்பிள்ளையால்லா இருக்கு" என்றார். சிரிப்பு வரவில்லை எனக்கு.

அப்போதும் பம்பின் மேல் சந்தேகம் வரவில்லை. 400 ஊற்றினாலே இவ்வளவு சீக்கிரம் உருகாதே என்று அண்ணாச்சிதான் பின் சீட்டைத் தூக்கினார். மூடியைத் திறந்தால் பம்பைப் பிடித்திருக்கும் வளையத்தைச் சுற்றி செம்மண் கெட்டியாகப் படிந்து கிடக்கிறது. தேரி மண். வருஷக்கணக்கில் கை படவில்லை. பம்பை மாற்ற வேண்டுமானால் அந்த வளையத்தைத் திருகாமல் முடியாது. உள்ளே இருந்தது கார் பிறந்தபோது வந்த அதே பம்ப், 16 ஆயிரம் எங்கே போனது என்று மண்ணுக்குத்தான் தெரியும். வண்டியை ஓட்ட முடியாது என்பதால், அதே பம்பைக் கேஜோடு வெளியே வைத்து, இன்ஜின் முழு வேகத்தில் குடிக்கும் அளவுக்குத் திறந்துவிட்டுப் பார்த்தோம். 3.5 நிற்கவில்லை, 2.4க்கு இறங்கியது. 2.4ல் பூஸ்ட் 1.2ஐக் கழித்தால் பீய்ச்ச மிச்சம் 1.2 பார். அந்த அழுத்தத்தில் 400 சிசி இன்ஜெக்டர் 250 ஊற்றும், என் மூன்றாம் நம்பர் 207. தேவை 404. இந்தத் தடவை கணக்கை நானே பட்டறைச் சுவரில் சாக்பீஸால் போட்டேன்.

டைனோ ஷீட் (மெஷினில் ஓட்டி பவரை அளந்த தாள்) கொடுத்தானே என்று தேடி எடுத்துப் பார்த்தேன். 191 குதிரைத்திறன், அழகான வளைவு. ஆனால் காற்று-பெட்ரோல் விகிதக் கோடே அதில் இல்லை. டர்போ கார் முழு அழுத்தலில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 12 பங்கை ஒட்டி அல்லது அதற்குக் கீழே ஓட வேண்டும், 13க்கு மேலே ஏறினால் பயப்பட வேண்டும், பவர் எண்ணை விட அந்தக் கோடுதான் முக்கியம். இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. வளைவு 7200 சுற்று வரை போகிறது. என் கார் 6500 பக்கத்திலேயே கட் ஆகிவிடும். வேறு யார் காரின் ஷீட்டோ!

போன் பண்ணினேன். முதலில் மட்டமான பெட்ரோல் போட்டிருப்பீர்கள் என்றான். அப்புறம் இன்ஜெக்டர் உங்கள் பட்டறையில் மாற்றியிருப்பார்கள் என்றான். பம்பைப் பற்றிக் கேட்டதும் சிக்னல் சரியில்லை. பில்லில் "பர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் - 1" என்று ஒரே வரி, பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், மனு எழுதி வைத்திருக்கிறேன். தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: இந்த மாற்றம் எதுவும் என் ஆர்சி புத்தகத்தில் இல்லை. இன்ஷூரன்ஸ் பக்கமும் அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. ஃபியட் இங்கே கடையைக் கட்டிவிட்டதால் பிஸ்டனுக்குக் கோயம்புத்தூர், புனே என்று அலைகிறேன்.

போன வாரம் தென்காசிப் பக்கம் இருந்து ஒரு தம்பி பேசினான். அவனும் லீனியா, அதே கடை, அதே 255 பம்ப், இரண்டு மாதம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை அண்ணே என்றான். வரச் சொன்னேன். அண்ணாச்சி பட்டறை வாசலில் வைத்து, இன்ஜெக்டர் பக்கமே போகாமல், நேராகப் பின் சீட்டைத் தூக்கினோம். வளையத்தைச் சுற்றி மண் அப்படியே இருந்தது, அவன் ஊர் மண் கொஞ்சம் கறுப்பு.