மந்தையில் ஒரு பங்கு: வட கரோலைனாவில் ஆறு வருடப் பால் அனுபவம்

கேரி நகரிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் ஒரு சின்னப் பண்ணை. அங்கே நிற்கும் 14 ஜெர்சி மாடுகளில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 2019 முதல் சனிக்கிழமை தோறும் போய் ஒரு கேலன் (ஏறக்குறைய 3.8 லிட்டர்) பச்சைப் பால், அதாவது கறந்தபடியே சூடாக்காத பால், எடுத்து வருகிறேன். புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் "இது சட்டப்படி சரியா, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். மனிதர் குடிப்பதற்கென்று பச்சைப் பாலை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதை அமெரிக்கக் கூட்டரசு 1987லேயே தடை செய்துவிட்டது. மாநிலத்துக்குள் என்ன செய்யலாம் என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. வட கரோலைனாவில் விற்கக் கூடாது. 2004ல் இன்னும் ஒரு படி மேலே போய், மாட்டில் பங்கு விற்றாலும் அது பால் விற்பனைதான் என்று எழுதிச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் தேவைப்பட்டவர்கள் தென் கரோலைனாவுக்கு வண்டியோட்டினார்கள். அங்கே உரிமம் உள்ள பண்ணைகள் விற்கலாம். வட கரோலைனாவில் 2018ல் வந்த பண்ணைச் சட்டம்தான் கதவைத் திறந்தது. அதைச் சுற்றி நடந்த சண்டை முழுக்கப் பன்றிப் பண்ணைகள் மேல் அக்கம்பக்கத்தார் போட்ட வழக்குகளைப் பற்றியது. அப்போதைய ஆளுநர் ராய் கூப்பர் மறுத்துத் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் அவரை மீறி நிறைவேற்றியது. அந்த அமளிக்குள்ளே பாலுக்கும் ஓர் இடம் கிடைத்தது: ஒரு கறவையின் முழு உரிமையாளரோ பகுதி உரிமையாளரோ தன் சொந்த உபயோகத்துக்கு அதன் பச்சைப் பாலைப் பெறலாம். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஒப்பந்தத்தை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இது நம்ம ஊர் வாரம்தானே" என்றார். ஊரில் மாட்டை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்டால் வளர்ப்பவருக்குக் கன்றில் பாதி. இங்கே கன்று முழுக்கப் பண்ணைக்குத்தான்; எனக்குப் பால் மட்டும். பங்குக்கு ஒரே முறை 75 டாலர் கொடுத்தேன். தீனிக்கும் பராமரிப்புக்கும் மாதம் 44 டாலரில் தொடங்கி இப்போது 56 கொடுக்கிறேன்.

பலருக்குப் புரியாத விஷயம் ஒன்று உண்டு. நாம் கட்டுவது பாலுக்கான விலை கிடையாது, மாட்டை வைத்துக் காப்பாற்றும் செலவு. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னால் மாட்டைக் கறக்காமல் விட்டாக வேண்டும். மூன்று நான்கு மாடுகள் சேர்ந்தாற்போல் வற்றும்போது எனக்கு வாரம் அரை கேலன்தான் வரும், கட்டணத்தில் ஒரு காசு குறையாது. மாடு வைத்திருப்பவருக்கு இது தெரிந்த கதை. கடையில் பால் வாங்கியே பழகிய நண்பர் ஒருவர் இதற்காகவே கோபித்துக்கொண்டு விலகினார்.

இது எனக்கு இரண்டாவது பண்ணை. முதலில் சேர்ந்த இடத்தில் நான்கு மாதம்தான் இருந்தேன். மூன்றாம் நாளே பால் திரிந்தது, இரண்டு முறை. பாட்டிலை வாங்கும்போதே வெதுவெதுப்பு தெரிந்தது. கறந்த பாலை எப்படிக் குளிர வைக்கிறீர்கள், பரிசோதனைத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். "எங்கள் மாடுகள் சுத்தமானவை" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சட்டம் பங்குக்கு அனுமதி தருகிறது, பரிசோதனை பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது பங்குதாரரின் வேலை. இப்போதைய பண்ணைக்காரர் மாதம் ஒரு முறை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புகிறார், முடிவைக் கொட்டகைக் கதவிலேயே ஒட்டுகிறார். ஒரு முறை கோலிஃபார்ம் (பாலில் சாணம், அழுக்கு சேர்ந்திருக்கலாம் என்று காட்டும் நுண்ணுயிர்) எண்ணிக்கை ஏறியபோது, நாங்கள் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் செய்தி அனுப்பி அந்த வாரப் பாலை நிறுத்தினார்.

சரி, பச்சையாகக் குடிக்கலாமா? இங்கே பங்கு வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் அப்படியே குடிக்கிறார்கள். நான் ஒரு நாளும் குடித்ததில்லை, பிள்ளைகளுக்கும் கொடுத்ததில்லை. ஈ.கோலை, கேம்பிலோபேக்டர், சால்மோனெல்லா என்கிற நோய்க் கிருமிகள் எல்லாம் நோயே தெரியாத மாட்டின் சாணத்திலும் இருக்கும். மடியில் ஒட்டிய துளி போதும்; பாலின் மணத்திலோ நிறத்திலோ தெரியாது. ஈ.கோலையில் ஒரு வகை சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே கெடுக்கும். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் அல்லது 72 டிகிரியில் 15 விநாடி வைத்தால் இவை சாகும்; பாஸ்டரைஸ் செய்வது என்பது இதுதான். நாம் பொங்கப் பொங்கக் காய்ச்சுவது அதற்கும் மேலே. 2024 வசந்தத்தில் டெக்சாஸ் மாடுகளில் கண்டுபிடித்த பறவைக் காய்ச்சல் கிருமி ஏப்ரலில் எங்கள் மாநிலத்துக்கும் வந்தது; நோய் கண்ட மாடுகளின் பாலிலேயே அது இருந்தது. அந்த மாதம் பால் எடுக்கவே போகவில்லை. பண்ணைக்காரரும் வற்புறுத்தவில்லை.

காய்ச்சித்தான் குடிக்கிறேன் என்றால் இவ்வளவு தூரம் ஏன் போகிறேன்? பாலேட்டுக்காக, தயிருக்காக. மே மாதத்தில் மாடுகள் பசும்புல் மேயும்போது பாட்டிலின் மேல் நான்கு விரல் கனத்துக்கு மஞ்சளாக ஆடை நிற்கும். ஜனவரியில் வைக்கோல் தின்னும்போது அது வெளுத்துவிடும். உறை ஊற்றினால் கரண்டி நிற்கிற தயிர். ஏட்டைச் சேர்த்துக் கடைந்து காய்ச்சிய நெய்யின் மணம் ஊருக்கே கொண்டுபோய்விடும். இது மட்டும் வேண்டும், அலைய முடியாது என்பவர்கள், பாஸ்டரைஸ் செய்தும் ஏட்டைப் பாலோடு கலந்துவிடாமல் (non-homogenized) விற்கிற பாலைக் கடையில் தேடி வாங்குங்கள். முக்கால்வாசி திருப்தி அதிலேயே கிடைக்கும்.

எனக்கு மிச்சக் கால்வாசியும் வேண்டியிருக்கிறது. போன மார்ச்சில் ஒரு மாடு ஈன்றது. கன்று குடித்தது போக மிஞ்சிய சீம்பாலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன். அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள் என்பதே அவருக்குப் புதிது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்து, அடுத்த சனிக்கிழமை ஒரு டப்பாவில் கொண்டுபோனேன். கொட்டகை வாசலில் நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டார். ஏப்ரலில் அடுத்த மாடு ஈன்ற அன்று, காலை ஆறு மணிக்கு அவரே போன் பண்ணினார்.